பழைய டிஜிட்டல் சிந்தசைசரில் எதைக் கூட்டலாம், எதைக் கூட்ட முடியாது

பெரம்பூரில் எங்கள் மெல்லிசைக் குழுவின் மூத்த கீபோர்ட் கலைஞர் வீட்டு மாடியறையில், கட்டிலுக்கு அடியில், பழைய போர்வை சுற்றி ஒரு யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் கிடந்தது. அவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். 1986-இல் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் வாங்கியதாம். மேடைக்குப் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே இழுத்து, தூசி தட்டி, பிளக்கைச் சொருகினோம். முதலில் பேட்டரியை மாற்றச் சொல்லித் திரையில் ஒரு செய்தி வந்தது. பிறகு வாய்ஸ், அதாவது சேமித்து வைத்த ஒலி, அதன் பெயர் வரவேண்டிய இடத்தில் என்னென்னவோ குறிகள். ஒரு கீயை அழுத்தினேன். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம்.

"போச்சு தம்பி. நான் பண்ணி வச்ச நாதஸ்வரம் எல்லாம் இதுக்குள்ளதான் இருந்துச்சு" என்றார் அண்ணன்.

"அண்ணே, இது பேட்டரி செத்துப்போனதாலதான். மிஷின் நல்லா இருக்கு. யமஹாக்காரன் கொடுத்த வாய்ஸ் எல்லாத்தையும் திரும்ப ஏத்திடலாம்" என்றேன்.

"யமஹாக்காரன் கொடுத்தது வரும். நான் பண்ணுனது வருமா?"

அன்று அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் போனதில்தான் இந்த மிஷின்களைப் பற்றி எனக்குத் தெரிந்த பெரும்பகுதியைக் கற்றேன். செகண்ட் ஹேண்டில் பழைய டிஜிட்டல் சிந்தசைசர் வாங்க நினைப்பவர்கள், குறிப்பாக "இதுல கார்டு போடலாம், போர்டு போடலாம்" என்று யாராவது சொல்லக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுத்து வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு வாங்கினால் நல்லது.

கூட்டலாம் என்று ஒருவர் சொன்னால், எதைக் கூட்டலாம் என்று முதலில் கேளுங்கள். இந்த மிஷின்களில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம்.

டிஎக்ஸ்7 1983-இல் வந்தது. அதற்குள் பதிவு செய்யப்பட்ட ஒலி என்று எதுவும் கிடையாது. ஒரு சைன் அலையை இன்னொரு சைன் அலையால் வேகமாக அசைத்தால் புதிய ஒலிகள் பிறக்கும் என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டுபிடித்து 1973-இல் கட்டுரையாக வெளியிட்டார். அந்த எஃப்எம் முறைதான் இதில் ஓடுகிறது. ஒரு வாய்ஸுக்கு 6 ஆபரேட்டர்கள், அதாவது சைன் அலை தரும் பகுதிகள். அவற்றை ஒன்றோடொன்று இணைக்க 32 அல்காரிதம்கள். ஒரு வாய்ஸை முழுதாகச் சொல்ல 155 எண்கள் போதும். உள் நினைவகத்தில் 32 வாய்ஸ் நிற்கும். கார்ட்ரிட்ஜ் சொருகினால் இன்னும் அதிக வாய்ஸ் கிடைக்கும். ஆனால் அந்தக் கார்ட்ரிட்ஜில் வருவதும் எண்கள்தான். சமையலறை அதே, அடுப்பு அதே, மளிகையும் அதே. கூடுதலாகச் சில சமையல் குறிப்புகள் வருகின்றன, அவ்வளவுதான். கிரே மேட்டர் ரெஸ்பான்ஸ் என்ற நிறுவனம் டிஎக்ஸ்7-க்குள் பொருத்த ஒரு போர்டு விற்றது. அதுவும் நினைவகத்தையும் மிடி (இசைக்கருவிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் முறை) வசதிகளையும் கூட்டியதே தவிர, ஒலி பிறக்கும் முறையில் ஏழாவது ஆபரேட்டரைச் சேர்க்கவில்லை.

1987-இல் வந்த ரோலண்ட் டி-50-யும் இந்த விஷயத்தில் அப்படியே. அதில் பதிவு செய்த ஒலித்துண்டுகள் 100 உண்டு. அவை ரோம் என்ற நிலையான நினைவகத்தில் பதிந்தவை, மாறாது. மெமரி கார்டு போட்டால் இன்னும் 64 பேட்ச் (ரோலண்டில் வாய்ஸுக்கு இதுதான் பெயர்) வைத்துக்கொள்ளலாம். 101-ஆவது ஒலித்துண்டு வராது.

அடுத்த வகை வேறு. கோர்க் எம்1 1988-இல் வந்தபோது, பின்பக்கம் சொருகும் பிசிஎம் கார்டு வழியாக நிஜமாகவே புதிய ஒலிப்பதிவுகளை ஏற்றிக்கொள்ள முடிந்தது. ரோலண்ட் யு-110, யு-20 ஆகியவற்றிலும் அப்படித்தான். அந்த வகையின் உச்சம், என் கணக்கில், 1994-இல் வந்த, கீ இல்லாத ரேக் மாடலான ரோலண்ட் ஜேவி-1080. அதன் மேல்மூடியைக் கழற்றினால் நான்கு இடங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் எஸ்ஆர்-ஜேவி80 வரிசைப் போர்டு ஒன்றைப் பொருத்தலாம். ஒவ்வொரு போர்டும் 8 எம்பி ஒலிப்பதிவும், அதை வைத்துச் செய்த பேட்ச்களும் கொண்டுவரும். உள்ளே இருக்கும் 8 எம்பி, நான்கு போர்டு, முன்பக்கக் கார்டு எல்லாம் சேர்ந்து 42 எம்பி. இன்று ஃபோனில் எடுக்கும் ஒரு சின்ன வீடியோ அதைவிடப் பெரிது. அந்த 42 எம்பியில் எத்தனை கச்சேரி வாசித்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு அந்த இன்ஜினியர்கள் மேல் மரியாதை கூடுகிறது.

இதே போர்டுகள் எக்ஸ்பி-50, எக்ஸ்பி-60, எக்ஸ்பி-80 கீபோர்டுகளிலும் நான்கு போகும். எக்ஸ்பி-30-இல் இரண்டு, ஜேவி-880, ஜேடி-990 இரண்டிலும் ஒவ்வொன்று, ஜேவி-2080-இல் எட்டு. வாங்கும் மாடலில் எத்தனை இடம் என்று தெரிந்துகொண்டு விலை பேசுங்கள். சில நேரம் முன்னால் வைத்திருந்தவர் போட்ட போர்டு உள்ளேயே இருக்கும், விற்பவருக்கே தெரியாது. ஓட விட்டுப் பார்க்கும்போது எக்ஸ்பான்ஷன் பேட்ச் வரிசையைத் திருப்பிப் பாருங்கள்.

என் ஜேவி-1080 ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். பின்பக்க ஸ்டிக்கரில் 100 என்று போட்டிருந்தால், நம் சுவரில் நேராகச் சொருகக் கூடாது. கோடம்பாக்கத்தில் என் நண்பர் ஒருவர் ஜப்பான் மாடல் ஒன்றைப் பிளக் அடாப்டர் மட்டும் போட்டு 230-இல் சொருகி, உள்ளே இருந்த டிரான்ஸ்பார்மரை ஒரே நொடியில் எரித்துவிட்டார். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. ரிச்சி தெருவில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கேட்டால் பெரும்பாலும் 110 வோல்ட் உள்ளதை எடுத்துக் கொடுப்பார்கள். எங்கள் பக்கம் இரவு நேரத்தில் 245 வரை ஏறும். அப்போது அந்த 110, 117 ஆகிவிடும். 100 வோல்ட்தான் வேண்டும் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். திருமண மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும் அந்தச் சில விநாடிகளுக்காக, கம்ப்யூட்டருக்குப் போடும் சின்ன யுபிஎஸ் ஒன்றையும் இப்போது கூடவே எடுத்துப் போகிறேன்.

இனி போர்டு. நான் முதலில் வாங்கியது தப்பான போர்டு. "ரோலண்ட் போர்டுதான் சார், எந்த ரோலண்டுலயும் போகும்" என்று விற்றவர் சொன்னார். வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றி வைத்துப் பார்த்தால் கனெக்டரே வேறு. அது எஸ்ஆர்எக்ஸ் வரிசை. பிறகு வந்த எக்ஸ்வி மாடல்களுக்கானது. ஜேவி-1080-க்கு எஸ்ஆர்-ஜேவி80 என்று அச்சிட்டதுதான் வேண்டும். எக்ஸ்வி-3080, எக்ஸ்வி-5080 இரண்டிலும் இரு வகைக்கும் தனித்தனி இடம் உண்டு. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது போகாது. போர்டின் மேலுள்ள முழுப் பெயரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "ரோலண்ட் எக்ஸ்பான்ஷன்" என்ற பேச்சை மட்டும் நம்பிப் பணம் போடாதீர்கள்.

எந்த போர்டு வாங்குவது? எல்லோரும் முதலில் கண் வைப்பது 14-ஆம் எண், ஆசியா. சிதார், தபலா என்று நம் ஊர் ஒலிகள் இருப்பதால் நானும் ஆசையாகத்தான் வாங்கினேன். சில பாடல்களுக்கு அது அழகாக உட்கார்ந்தது. ஆனால் அந்தத் தபலாவை வைத்து மிருதங்கம் மாதிரி ஒன்று செய்யப் பார்த்து இரண்டு வாரம் கழிந்ததுதான் மிச்சம். தொப்பியின் அடிநாதம் வரவே இல்லை. எங்கள் குழுவில் தபலாவுக்கும் மிருதங்கத்துக்கும் ஆள் இருக்கிறார்கள். கை வாசிப்பதை போர்டு வாசிக்க வேண்டிய அவசியம் என்ன?

மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர் ஒரே ஒரு போர்டுதான் வாங்க முடியும் என்றால், நான் 08-ஐச் சொல்வேன். அறுபது, எழுபதுகளின் கீபோர்டுகள். எலெக்ட்ரிக் பியானோ, ஆர்கன், கிளாவினெட். மேடையில் கேட்கப்படும் பாதிப் பாடல்கள் அந்தக் காலத்து ஒலிகளில் வாழ்பவை; ஒரு பழைய பாட்டின் இடையிசைக்கு அந்த எலெக்ட்ரிக் பியானோவை எடுத்தால் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நிமிர்வதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தது 02, ஆர்கெஸ்ட்ரா. சர்ச்சிலும் வாசிப்பவருக்கு அது முதலிடம்.

பொருத்துவது பெரிய வேலை இல்லை. அவசரம்தான் கெடுக்கும். பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கழற்றும் ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் போடுங்கள். ஒன்று போர்டின் மேல் உருண்டால் உள்ளே எங்கேயாவது ஒளிந்துகொள்ளும். ஏசி போட்ட அறையில் காற்று காய்ந்திருக்கும், கையில் ஸ்டாட்டிக் இருக்கலாம். முதலில் மிஷினின் வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டு, போர்டை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். கனெக்டர் நேராக உட்கார்ந்த பிறகு, பிளாஸ்டிக் தாங்கிகளை லாக் பக்கம் திருப்ப வேண்டும். முழுதாகத் திரும்பாமல் விட்டால், முதல் நாள் வேலை செய்யும்; வேனில் ஏற்றி இறக்கிய பிறகு போர்டு லேசாகத் தூக்கிக்கொள்ளும். எனக்கு அம்பத்தூரில் ஒரு கச்சேரிக்கு அரை மணி நேரம் முன்னால் இது நடந்தது. ஆர்கன் பேட்சை அழைத்தால் அமைதி.

அந்த அமைதி இன்னொரு விதத்திலும் வரும். நீங்கள் சேமிக்கும் பேட்ச், "இந்த போர்டின் இந்த ஒலியை எடு" என்ற குறிப்பை மட்டுமே வைத்திருக்கிறது. நான் உழைத்துச் செய்த பேட்ச்களை நண்பருக்கு அனுப்பினேன். அவரிடமும் ஜேவி-1080 இருக்கிறது, ஆனால் போர்டு இல்லை. பாதி பேட்ச்கள் ஊமையாகப் போய்ச் சேர்ந்தன. வேறொருவர் மிஷினில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால், உள் ஒலிகளை மட்டும் வைத்து ஒரு தொகுப்பைத் தனியாகச் செய்து வைத்திருங்கள்.

போர்டு கூட்டினால் கூடாத விஷயம் ஒன்றும் உண்டு. ஜேவி-1080 ஒரே நேரத்தில் 64 குரல் ஒலிக்கும். ஒரு பேட்சில் டோன் என்ற ஒலி அடுக்குகளை நான்கு வரை வைக்கலாம், ஒவ்வொன்றும் ஒரு குரலை எடுத்துக்கொள்ளும். நான்கையும் அடுக்கினால் 64-ஐ நான்கால் வகுக்க வேண்டும். 16 ஸ்வரம்தான் மிச்சம். பெடலை மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஸ்ட்ரிங்ஸ் வாசித்தால் 16 சீக்கிரம் தீரும், பழைய ஸ்வரங்கள் நடுவில் அறுந்து விழும். போர்டுகளோடு வரும் பேட்ச்கள் தனியாகக் கேட்க நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கனமாக அடுக்கியவை. மேடைக்கு எடுக்கும்போது ஒரு டோன், இரண்டு டோனாகக் குறைத்துப் பாருங்கள். குழுவோடு சேரும்போது மெலிந்த பேட்ச்தான் தெளிவாகக் கேட்கும். எஃபெக்டிலும் இப்படி ஒரு எல்லை உண்டு. 1080-இல் இஎஃப்எக்ஸ் என்ற எஃபெக்ட் பகுதி ஒன்றே ஒன்றுதான். தனியாகக் கேட்டபோது சுழன்ற ஆர்கன், பல பகுதிகளைச் சேர்த்து வாசிக்கும்போது தட்டையாகக் கேட்டால் போர்டைக் குறை சொல்லாதீர்கள், எஃபெக்ட் எந்தப் பகுதியிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

டிஎக்ஸ்7-ஐ மிடி கேபிளால் ஜேவியோடு இணைத்து வாசித்தபோது எல்லாமே மந்தமாக இருந்தது. பல நாள் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன். காரணம் வேறு. முதலில் வந்த டிஎக்ஸ்7 மாடல், எவ்வளவு ஓங்கி அடித்தாலும், வெலாசிட்டியை (கீயை அடிக்கும் வேகத்தின் அளவை) மிடியின் உச்சமான 127 வரை அனுப்பாது. ஓங்கி அடித்தால் மட்டும் திறக்கும்படி செய்த டோன்கள் திறக்கவே திறக்காது. ஜேவியில் அந்த டோனின் வெலாசிட்டி எல்லையைக் கீழே இறக்கினேன், சரியாயிற்று. அது மிடி சேனல் 1-இல் மட்டும்தான் அனுப்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் நம் ஊர்க் காற்று. வடசென்னையில் கடல் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கீகளின் ரப்பர் தொடர்புகள் பிசுபிசுத்து, சில ஸ்வரம் விட்டுவிட்டு வரும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். ரோலண்ட் ஜேடி-800, டி-70 மாதிரி சில கீபோர்டுகளில் கீக்குள் எடை ஒட்டிய சிவப்புப் பசை வெப்பத்தில் இளகி வழிந்து தொடர்புகளைக் கெடுக்கும். அவற்றை வாங்கும்போது ஒவ்வொரு கீயையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். மே மாத வெயிலில் கார் டிக்கியில் கீபோர்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். கீ இல்லாத ரேக் மாடலாக நான் ஜேவியைத் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அண்ணனின் டிஎக்ஸ்7-க்கு வருகிறேன்.

உள்ளே இருந்தது சிஆர்2032, தகடு வைத்துச் சால்டர் செய்தது. ரிச்சி தெருச் சந்து ஒன்றில் பல வருடமாக கீபோர்ட் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். வெறும் பேட்டரியின் மேல் நேராகச் சால்டரிங் இரும்பை வைக்கக் கூடாது, சூட்டில் வெடிக்கலாம். அவர் பழையதை எடுத்துவிட்டு ஹோல்டர் ஒன்றைப் பொருத்தினார். அடுத்த முறை மாற்றுவது கை விரல் வேலை. ஃபங்ஷன் பொத்தானை அழுத்தி 14-ஐ அழுத்தினால் பேட்டரி வோல்டேஜைத் திரையிலேயே காட்டும். இப்போதெல்லாம் பொங்கலுக்கு ஒருமுறை பார்க்கிறோம், 2.5-க்குக் கீழே போனால் காத்திருக்க மாட்டோம். ஜேவியிலும் பேட்டரிதான் நீங்கள் செய்த 128 யூசர் பேட்ச்களைக் காக்கிறது. எதை மாற்றுவதற்கு முன்னாலும் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்துவிடுங்கள்.

நகல் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. டிஎக்ஸ்7-இன் 32 வாய்ஸும் சேர்ந்த கோப்பு சரியாக 4104 பைட். மிடியின் வேகத்தில் அது போய்ச் சேர ஒன்றரை விநாடிகூட ஆகாது. எனக்கு முதல் மூன்று முறையும் வெவ்வேறு அளவில், எல்லாமே குறைவாக வந்தது. மிஷினில் கோளாறு என்றே நினைத்தேன். குற்றவாளி, மலிவு விலையில் வாங்கிய யுஎஸ்பி-மிடி கேபிள். தனித்தனி ஸ்வரங்களை ஒழுங்காகக் கடத்தும். இப்படி நீளமாக வரும் செய்தியில் நடுவே விழுங்கிவிடும். ஆடியோ இன்டர்ஃபேஸில் இருந்த நிஜமான மிடி துளைக்கு மாற்றியதும் 4104 வந்தது. விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் சிஸெக்ஸ் லைப்ரேரியன், இரண்டும் இலவசம். திரும்ப ஏற்றும்போது டிஎக்ஸ்7-இல் உள் நினைவகத்தின் பாதுகாப்பை அணைத்து, ஃபங்ஷன் 8-இல் சிஸ்டம் தகவலை ஏற்கும்படி வைக்க வேண்டும். இல்லையென்றால் அனுப்பியது காற்றோடு போகும்.

யமஹா கொடுத்த வாய்ஸ்கள் அன்று மாலையே திரும்பி வந்தன. அண்ணன் எலெக்ட்ரிக் பியானோவில் நான்கு ஸ்வரக்கூட்டு வாசித்துவிட்டு, எழுந்து உள்ளே போனார். ஒரு நோட்டோடு வந்தார். 1980களில் அவர் செய்த வாய்ஸ்களின் எண்களை, ஒரு வாய்ஸுக்கு ஒரு பக்கமாக, கட்டம் போட்டுக் கையால் எழுதி வைத்திருந்தார். 2015 டிசம்பர் மழையில் மாடி ஒழுகி, நோட்டின் பாதி நனைந்து மை ஊறியிருந்தது.

"நாதஸ்வரம்" என்று தலைப்பிட்ட பக்கத்தை எடுத்தோம். அவர் வாசிக்க வாசிக்க நான் ஏற்றினேன். அல்காரிதம் 5: இரண்டிரண்டாக மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று ஒலிக்கும், இன்னொன்று அதை அசைக்கும். எல்லா ஜோடிக்கும் விகிதம் 1-க்கு 1, அப்போதுதான் எல்லா மேற்சுரங்களும் வரும். அசைப்பதற்கு 2, ஒலிப்பதற்கு 1 என்று வைத்தால் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும் வந்து கிளாரினெட் பக்கம் போய்விடும் என்று அண்ணன் சொன்னார். ஆறாவது ஆபரேட்டருக்கு ஃபீட்பேக், சீவாளியின் கரகரப்புக்காக.

நான்காவது ஆபரேட்டரின் அவுட்புட் லெவலில் 7 மட்டும் தெரிந்தது. அடுத்த இலக்கம் நீலக் கறை.

70-லிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். 71-இல் புல்லாங்குழல் போல வழவழப்பு. 79-இல் ஆட்டோ ஹாரன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்... இல்ல, ஒண்ணு இறக்கு" என்றார். 76-இல் கையைக் காட்டி நிறுத்தினார். பிட்ச் பெண்ட் சக்கரத்தில் கட்டைவிரலை வைத்து, தோடியில் காந்தாரத்தை மெல்ல அசைத்தார். கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரர் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார்.

வாய்ஸைச் சேமித்தோம், நகல் எடுத்தோம், 4104 இருக்கிறதா என்று பார்த்தோம். நோட்டுப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து, கறையின் பக்கத்தில் பென்சிலால் 6 என்று எழுதினேன். கம்ப்யூட்டரில் டெக்ஸெட் என்ற இலவச மென்பொருள் இதே 6 ஆபரேட்டர் முறையில் ஓடுகிறது. அதே கோப்பை அதிலும் திறந்து கேட்டோம், நாதஸ்வரம் அங்கேயும் வந்தது. அந்த நோட்டில் இன்னும் 11 வாய்ஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோம். வரும் வாரம் "முகவீணை". அந்தப் பக்கம் நனையவில்லை.